ஒரே மாதிரி இரண்டு புடவை

அந்தக் கோடையில் எங்கள் வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. முதலில் கத்தரிக்கோல் போனது. பிறகு உப்பு ஜாடி, சீப்பு, செல்போன், என் மூக்குக் கண்ணாடி. கடைசியில் செருப்புகூட ஜன்னல் மேடைக்குப் போய்விட்டது. எதை எங்கே வைத்தாலும் பிள்ளை நாற்காலியை இழுத்துக்கொண்டு வருவான், அதன்மேல் தலையணையைப் போடுவான், ஏறிவிடுவான். இரண்டரை வயதுக்கு இந்த மூளை ஜாஸ்தி என்று நான் சொன்னால் என் கணவர், "மூளை இல்ல, திமிரு. உன்கிட்ட வளருதுல்ல" என்பார்.

ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்குத் தெற்கே ஒரு தெருவில் எங்களுக்கு வாடகை வீடு. முன்னறையில் கணவரின் ஜெராக்ஸ் கடை, பின்னால் நாங்கள். அதனால் வாசல் கதவைச் சாத்தி வைக்கவே முடியாது. ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க யாராவது வந்து நின்றால் போதும், அவர்கள் காலுக்கு நடுவில் புகுந்து தெருவுக்குப் பாய்ந்துவிடுவான். சித்திரை வெயிலில் தார் ரோடு தோசைக்கல்லாகக் காயும். அதில் வெறுங்காலோடு, பல சமயம் வெறும் உடம்போடும், ஓடுவான். பூக்காரம்மாவோ ஆட்டோக்காரரோ யாராவது இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து, "பிடிங்க உங்க ரயிலு" என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் முதுகில் ஒன்று வைப்பேன். அவன் சிரிப்பான். எனக்கு வாய்தான் நீளம், கை நீளாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அவன் நான் பெற்ற பிள்ளை இல்லை. என் தங்கையின் பிள்ளை. பிரசவமாகிக் கொஞ்ச நாளிலேயே அவள் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்குக் காரியம் நடந்துகொண்டிருந்த வீட்டிலிருந்து, உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும் போலிருந்த அவனை ஒரு பூத்துவாலையில் சுற்றி நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. எங்கள் அப்பா அம்மாவும் இல்லை. மாப்பிள்ளைக்கு வேலை ஊரூராகச் சுற்றுகிற வேலை. அதனால் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. தூக்கினேன், வந்துவிட்டேன், அவ்வளவுதான்.

தெருவில் இருந்த பெண்கள் எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஊரான் பிள்ளையை ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்" என்பார்கள். இவன் வந்த ராசியில் என் வயிறும் திறக்குமாம். "இவன் என்ன ஊரான் பிள்ளையா?" என்று ஒரு முறை நான் கேட்ட கேள்வியில் அதற்குப் பிறகு அந்தப் பழமொழி எங்கள் தெருப் பக்கம் வரவில்லை.

தங்கையின் போட்டோ கூடத்தில் மாட்டியிருந்தது. அதைக் காட்டி அம்மா என்றும், என்னைக் காட்டிப் பெரியம்மா என்றும்தான் சொல்லிக் கொடுத்தோம். அவன் போட்டோவைப் போட்டோ என்றான், என்னை அம்மா என்றான். என் கணவரைப் பெப்பா என்றான். நான் திருத்தவில்லை. திருத்தியிருக்க வேண்டும் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

பங்குனி முடிகிற சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். எல்லா ஞாயிறும் வருகிறவர்தான். எப்போதும் ஒரு பொம்மைக் காரும் கொஞ்சம் பழமும் வாங்கி வருவார். அன்றைக்குப் பழம் நிறைய இருந்தது. அதைப் பார்த்ததுமே ஏதோ விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, தன் அம்மா பெண் பார்த்திருப்பதாகவும், மருங்காபுரிப் பக்கம் என்றும், மன்னார்புரத்தில் வீடு எடுத்திருப்பதாகவும், இனிமேல் உள்ளூரிலேயே வேலை என்றும் சொன்னார். கடைசியாகத்தான் பிள்ளை விஷயத்துக்கு வந்தார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அங்கேயே பக்கத்தில் ஒரு பிளே ஸ்கூலில் சேர்த்துவிடலாம், அதுவரை இங்கேயே இருக்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம் என்றார்.

அவர் நல்ல மனிதர். அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. அவரைத் திட்ட ஒரு காரணம் கிடைத்திருந்தால் பாதி நோவு குறைந்திருக்கும். முப்பத்தைந்து வயதில் ஒற்றை ஆளாக ஹோட்டல் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தன் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். இதில் நான் எந்தக் குற்றத்தைக் கண்டுபிடிப்பது? "சந்தோஷம் தம்பி" என்றேன். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே தேய்த்தேன்.

என் கணவர் எப்போதும் போல இருந்தார். "அவங்க பிள்ளை, அவங்க கூட்டிட்டுப் போறாங்க. நாம வளத்துக் குடுக்கிற ஆளு" என்றார். ஆனால் மறுநாளிலிருந்து சாயங்காலம் கடையை அரை மணி நேரம் மூடிவிட்டு அவனைத் தோளில் வைத்துக்கொண்டு அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போக ஆரம்பித்தார். ஆற்றில் அப்போது தண்ணீர் இல்லை, மணல்தான். அந்த மணலில் அவனை அவிழ்த்துவிட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடுவார். இரண்டு பேரும் திரும்பி வரும்போது பாக்கெட்டெல்லாம் மணலாக இருக்கும். மூட்டுவலிக்காரருக்கு இதெல்லாம் தேவையா என்று நான் கேட்கவில்லை.

கல்யாணம் வயலூரில் முருகன் சன்னதியில் எளிமையாக நடந்தது. பெண்ணுக்கு முப்பது இருக்கும். ஒல்லி. அதிகம் பேசவில்லை. வரன் தள்ளித் தள்ளிப் போன பெண் என்று சொன்னார்கள். கழுத்தில் மாலையோடு பிள்ளையைப் பார்த்தாளே, அந்தப் பார்வையில் ஆசையைவிடப் பயம் அதிகமாக இருந்தது. அவனோ கோயில் மயிலைப் பிடிக்கிறேன் என்று நான்கு முறை ஓடிவிட்டான். அவளையும் வெறுக்கத்தான் எனக்கு ஆசை. அதற்கும் அவள் வழி கொடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாந்தாரமாக வருகிறவள், முதலில் மூத்தாளுக்குப் படைக்க வேண்டும். செத்துப்போன முதல் மனைவியின் படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவளுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து வைத்து, புதுப் புடவை, வளையல், பூ, மஞ்சள், குங்குமம் வைத்துக் கும்பிட வேண்டும். பிறகு அந்தப் புடவையை இளையாள் கட்டிக்கொள்வாள். மூத்தாள் சம்மதம் கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். அந்தப் புடவையை எடுத்துக் கொடுக்க வேண்டியது மூத்தாளின் பிறந்த வீடு. பிறந்த வீடு என்றால் இப்போது நான் ஒருத்திதான்.

சின்னக்கடைவீதிக்குப் போனேன். தங்கைக்குக் கத்தரிப்பூ நிறம் என்றால் உயிர். அந்த நிறத்தில் மஞ்சள் கரை போட்ட ஒரு பருத்திப் புடவை கிடைத்தது. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரப் பையன் ஏணி வைத்து ஏறி எடுத்துக் கொடுத்தான். இரண்டையும் பில் போட்டு வாங்கிக்கொண்டு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன்.

பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போதுதான் பையைத் திறந்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே மாதிரி இரண்டு புடவை இருந்தது. எங்கள் அம்மா இரண்டு பெண்களுக்குள் சண்டை வரக்கூடாது என்று எதை எடுத்தாலும் ஒரே நிறத்தில் இரண்டு எடுப்பாள். கல்யாணம் ஆன பிறகும் எங்களுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. அவள் எடுத்தால் எனக்கும் ஒன்று எடுப்பாள், நான் எடுத்தால் அவளுக்கும் எடுப்பேன். விசேஷத்துக்குப் போகும்போது போன் பண்ணி, இன்னைக்கு அதை நீ கட்டாதே, நான் கட்டறேன் என்று சண்டை போடுவோம். அவள் செத்தது என் மனசுக்குத் தெரியும். என் வாய்க்குத் தெரியவில்லை. பஸ்ஸில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அழுதேன். பக்கத்திலிருந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக் கொடுத்தார்.

இன்னொன்றைத் திருப்பிக் கொடுத்துவிடத்தான் நினைத்தேன். மனசு வரவில்லை. மறுநாளே அதை ஒரு முறை நனைத்துக் காயவைத்துக் கட்டிக்கொண்டேன். அக்னி நட்சத்திர வெயிலுக்கு இதமாக இருந்தது. அதனால் துவைப்பதும் அதையே கட்டுவதுமாக இருந்தேன். பிள்ளை மாம்பழ வாயை அதில்தான் துடைப்பான். தூக்கம் வந்தால் அதன் முந்தானையைச் சுருட்டிக் கன்னத்தில் வைத்துக்கொள்வான். யாராவது புது ஆள் வந்து, "என்னடா பேரு?" என்று உரக்கக் கேட்டால், ஓடுகிற பிள்ளைக்கு ஒரு நொடியில் வெட்கம் வந்து, என் கொசுவத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்பான். சத்தம் அடங்கினால்தான் வெளியே வருவான். கொஞ்ச நாளில் அது என் புடவை என்பது போய் அவன் சொத்தாகிவிட்டது.

படையல் ஒரு வெள்ளிக்கிழமை, மன்னார்புரத்து வீட்டில். கணவர் கடையைக் காரணம் காட்டி வரவில்லை. நான் வேறொரு புடவையைக் கட்டிக்கொண்டு பிள்ளையோடு போனேன். மாப்பிள்ளை, அவர் அம்மா, அவர்கள் பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். இலை போட்டிருந்தது. அந்தப் பெண் காலையிலிருந்து விரதம் இருந்து, தங்கைக்குப் பிடித்த எண்ணெய்க் கத்தரிக்காயும் பால் பாயசமும் அவளே சமைத்திருந்தாள். என்னிடம் முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். கும்பிட்டாள். நான் கொடுத்த புடவையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கட்டிக்கொள்ள உள்ளே போனாள்.

பிள்ளை அப்போது வராந்தாவில் வாழைப்பழத்தோடு ஓடிக்கொண்டிருந்தான். அவள் கத்தரிப்பூ நிறத்தில் வெளியே வந்து படத்துக்கு முன்னால் நின்றாள், முதுகு எங்கள் பக்கம். அவன் வராந்தாவிலிருந்து ஓடி வந்தான். வந்த வேகத்தில் அவள் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு, "ம்மா, தூக்கு" என்றான்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். முகம் வேறாக இருந்தது. திகைத்தான். அதற்குள் அந்தப் பெண்கள், "ஐயோ, பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று ஒன்றாகச் சத்தம் போட, அவனுக்கு வெட்கம் வந்துவிட்டது. எப்போதும் செய்வதுபோல அந்தப் புடவைக் கொசுவத்துக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டான். சத்தம் கூடக்கூட இறுக்கிக்கொண்டான்.

மாப்பிள்ளையின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "மூத்தாளே கையைப் பிடிச்சுக் குடுத்துட்டா. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். அந்தப் பெண் குனியக்கூட தைரியம் இல்லாமல் நின்றபடியே அழுதாள். மாப்பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

எனக்கு மட்டும்தான் தெரியும், அவன் கட்டிக்கொண்டது என்னை என்று. சொல்ல வாயைத் திறந்தேன். என்னத்தைச் சொல்வது? என்னிடமும் இதே மாதிரி ஒரு புடவை இருக்கிறது, அதனால்தான் வந்தான், உங்கள் மூத்தாள் ஒன்றும் செய்யவில்லை என்று, விளக்கு எரிகிற என் தங்கையின் படத்துக்கு முன்னால் நின்று சொல்வதா? பொறாமையில் பேசுகிறேன் என்பார்கள். அது முழுப் பொய்யாகவும் இருக்காது. வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்ட இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் இது பெரியது.

ஆனால் அடுத்து நடக்கப் போவது எனக்குத் தெரியாது. சகுனம் இவ்வளவு நன்றாக வந்த பிறகு ஜூன் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும், இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பிள்ளை இன்றைக்கே இந்த வீட்டில் தங்கட்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "அவன் துணிமணி எதுவும் எடுத்துட்டு வரலையே" என்றேன். எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். துணி வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள்.

பிள்ளையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், தூரத்தில் போகிற ரயிலைக் காட்ட. எங்கள் வீடுகளில் குழந்தையை விட்டுக் கிளம்புகிறவர்கள் இப்படித்தான் கிளம்புவார்கள். காக்காயைக் காட்டு, ரயிலைக் காட்டு, அதற்குள் போய்விடு. சொல்லிவிட்டுப் போனால் அழுவானாம். மாப்பிள்ளையின் அம்மா என் தோளைத் தட்டி, மனசைத் தேத்திக்க, நீ பெத்தவளுக்கு மேலே என்றார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் இதுதான். நான் பின்பக்கப் படி வழியாகத் திருடி மாதிரி இறங்கி ரோட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. நடந்ததைச் சொன்னேன். புடவை விஷயத்தையும் சொன்னேன். "சொல்லியிருக்கலாமே" என்றார். என்னவென்று சொல்வது என்று கேட்டேன். கடையில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார். ஜன்னல் மேடையிலிருந்து செருப்பைக் கீழே எடுத்து வைக்கலாம் என்று கை நீட்டினேன். முடியவில்லை. எல்லாம் மேலேயே இருந்தது. பிள்ளையைத் தேடி வராதே, போன் பண்ணாதே, பிள்ளை மறக்கிற வரைக்கும் பொறுத்துக்கொள் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். பொறுத்துக்கொண்டேன் என்று சொன்னால் அது சும்மா பேச்சு. தெருவில் எந்தக் குழந்தை கத்தினாலும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

போன் அங்கிருந்துதான் வந்தது. ஒரு மத்தியான நேரம், மாமியார் தூங்கும்போது, அந்தப் பெண் ரகசியமாகப் பேசினாள். முதலில் அவள் சொன்னது, "அக்கா, மன்னிச்சிடுங்க." பிறகு அழுகைதான். முதல் இரண்டு நாள் கதறினானாம். பிறகு கதறவில்லையாம். பால் மட்டும் குடிக்கிறானாம். அவள் தொட்டால் விலகிக்கொள்கிறானாம். படையலுக்குக் கட்டிய புடவையை வழக்கப்படி பீரோவில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்துவிட்டாளாம்.

"அன்னைக்கு அவனாத்தானே வந்தான் அக்கா? இப்ப ஏன் வரமாட்டேங்கிறான்? நான் என்ன தப்புப் பண்ணேன்? மூத்த அக்காவுக்கு என்மேல ஏதாவது கோபமா?"

அவளே தொடர்ந்தாள். அத்தையும் பயந்துபோய்விட்டார், இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம், இல்லாவிட்டால் பெரியம்மாவே இன்னும் ஒன்றிரண்டு வருஷம் வைத்துக்கொள்ளட்டும் என்கிறார், மாப்பிள்ளைக்கும் அதுதான் சரி என்று படுகிறது என்றாள். நான் ஒன்றும் செய்ய வேண்டாம். இன்னும் இரண்டு நாள் சும்மா இருந்தால் போதும். பிள்ளை வந்துவிடுவான்.

"சேட்டை பண்றானா?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்லக்கா. உக்காந்த இடத்துலயே உக்காந்திருக்கான். கதவைப் பாத்துக்கிட்டு."

பிறந்ததிலிருந்து உட்காராத பிள்ளை. சாப்பிடும்போதுகூட ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் வீட்டைச் சுற்றி வருகிறவன். அவன் உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டபோது எனக்குள்ளே எல்லாம் அடங்கிப்போய்விட்டது. இன்னும் இரண்டு நாள் என்றால் இன்னும் இரண்டு நாள் அவன் அப்படி உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் ஒன்றிரண்டு வருஷம் கழித்து இன்னொரு தரம் எல்லாம் முதலிலிருந்து நடக்க வேண்டும், இன்னும் விவரம் தெரிந்த வயதில்.

கணவரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கொடியில் கிடந்த என் புடவைகளைப் பார்த்து, "இதுல எதெல்லாம் துவைக்காதது?" என்று கேட்டார். நான் மனசில் நினைத்ததை அவர் வாயால் கேட்டதும் எனக்கு அவர்மேல் பயங்கரக் கோபம் வந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

அந்தக் கத்தரிப்பூப் புடவையையும், வீட்டில் கட்டிக் கட்டி நைந்த இன்னும் சிலவற்றையும், வேர்வை வாடையோடு, மாம்பழக் கறையோடு, ஒரு கட்டைப் பையில் அடைத்துக்கொண்டு மன்னார்புரம் போனேன். பிள்ளை என்னைப் பார்த்துவிடக்கூடாது என்று மாப்பிள்ளை அவனை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். தலைக்கு மேல் அவன் ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை.

அந்தப் பெண்ணை உள்ளறைக்குக் கூட்டிப் போய்ப் பையைக் கொடுத்தேன். புடவைகளின் மேலே கத்தரிப்பூ நிறத்தைப் பார்த்ததும் அவள் பீரோவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். புத்திசாலிப் பெண். நான் முழுக்கச் சொல்வதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போய்விட்டது.

"அப்ப அன்னைக்கு வந்தது மூத்த அக்கா இல்லையா?" என்றாள்.

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையை அப்படியே விட்டுவிடவும் மனசு வரவில்லை. அவள் விரதம் இருந்து எண்ணெய்க் கத்தரிக்காய் சமைத்தவள்.

"நானும் அவளும் எப்பவும் ரெண்டாத்தான் எடுப்போம்மா. கடையில என் வாயி தானா ரெண்டு கேட்டுச்சு. கேக்க வச்சது அவதான்னு வச்சுக்க."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டாள். ஒவ்வொன்றாகக் கட்டு, கொஞ்ச நாளைக்குத் துவைக்காதே, சோப்பு வாசனை வந்தால் ஏமாந்துபோவான். இடது இடுப்பில்தான் உட்காருவான். சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவனைத் துரத்து, நின்றபடி ஊட்டினால் வாங்கமாட்டான். தூக்கம் வந்தால் வலது காதைப் பிடித்து இழுத்துக்கொள்வான், அப்போது முந்தானையை அவன் கையில் கொடுத்துவிடு, பாட்டெல்லாம் வேண்டாம். முகத்தைப் பார்த்து உரக்கப் பேசாதே. எனக்குத் தெரிந்த அத்தனையையும் சொன்னேன். என்னிடம் மிச்சம் வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்று ஆகும்வரை சொன்னேன். இந்த முறையும் பின்பக்கப் படியில்தான் இறங்கினேன்.

சில நாள் கழித்து மறுபடி போன். "அக்கா, இன்னைக்கு ஓடினான். பீரோ மேல ஏறிட்டான் அக்கா" என்றாள். பின்னால் ஏதோ விழுந்து உருளும் சத்தமும் மாமியாரின் கூச்சலும் கேட்டது. "விழாமப் பாத்துக்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தில் அன்று முழுக்க என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

ஆனி மாசம் பிறந்து, பள்ளிக்கூடம் திறந்து, காவிரியில் தண்ணீர் வந்த பிறகு, வந்து பார்க்கலாம் என்று அனுமதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை போனேன். கணவரைக் கூப்பிட்டேன், கடை இருக்கிறது என்றார். கதவைத் திறந்தவள் சுடிதாரில் இருந்தாள். புடவைகளை எல்லாம் துவைத்து வைத்திருப்பதாகவும், இப்போது தேவைப்படவில்லை என்றும் கூச்சத்தோடு சொன்னாள்.

பிள்ளை வளர்ந்திருந்தான். என்னைக் கண்டதும் ஒரு நொடி நின்றான். பிறகு ஓடிவந்து என் மடியில் பொத்தென்று விழுந்தான். என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினான், கைப்பையைக் கவிழ்த்தான், என் தோளில் ஏறித் தலையில் கை வைத்து நின்றான். இடுப்பு ஒடிந்தாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்திருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்தது. என் மடியில் சாய்ந்து படுத்தான். கண் சொருகியது. வலது காதைப் பிடித்து இழுத்தான். நான் முந்தானையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அதற்காகவே பழைய பருத்திப் புடவையைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

அவன் அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு விட்டுவிட்டு எழுந்தான். தூக்கக் கலக்கத்தில் தள்ளாடித் தள்ளாடி அடுக்களைக்கு நடந்து போனான். "ம்மா" என்று சொல்வது கேட்டது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் குனிந்து தூக்கினாள். அவள் தோளில் தலையைச் சாய்த்த மாத்திரத்தில் தூங்கிப்போனான். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் தாங்கியிருக்கமாட்டேன், அது அவளுக்கும் தெரிந்திருந்தது. நல்ல பெண். நான் ஆசைப்பட்டது இதற்குத்தான், பை நிறையப் புடவை சுமந்து வந்தது இதற்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டதில் ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை. கிளம்பினேன். மாடிக்குத் தூக்கிப் போய் ரயில் காட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. முன்வாசல் வழியாகவே வந்தேன்.

வீட்டில் கணவர் யாருக்கோ பத்திரம் ஜெராக்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே போகக் கடையைத் தாண்டும்போது, மெஷினைப் பார்த்துக்கொண்டே, "என்னைக் கேட்டானா?" என்றார். அந்தக் கோடை முழுக்க அவர் எனக்கு முன்னால் தனக்காகக் கேட்ட ஒரே கேள்வி அது.

பிள்ளை கேட்கவில்லை. நாள் முழுக்க ஒரு தரம்கூட அந்தப் பேச்சே வரவில்லை.

"கேட்டான். பெப்பா எங்கன்னு கேட்டான்" என்றேன்.

அவர் கை நின்றது. அடுத்த ஞாயிறு கடையைச் சாத்திவிட்டுத் தானும் வருவதாகச் சொன்னார்.

"இப்ப வேண்டாங்க. உங்களைப் பாத்தா அழுவான்" என்றேன்.

அப்படியா என்று கேட்டுக்கொண்டார். அழுவான்தான், பாவம், வேண்டாம் என்று அவரே சொல்லிக்கொண்டார். அவர் முகத்தில் அன்று ஒரு நிறைவு தெரிந்தது.